கொடுத்தவரை வரவு வை!

உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை.

'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டு தெரியுமா? என்ன கேள்வி இது என்று சிரிக்காதீர்கள். கல்யாண ரிசப்ஷனில் கேட்டிருப்பீர்கள். உங்கள் வீட்டுக் குழந்தை பள்ளி ஆண்டு விழாவில் அதற்கு ஆடியிருக்கும். ஷேர் ஆட்டோவில், ஜவுளிக்கடையில், பக்கத்து வீட்டுக்காரர் செல்போனில் என்று 2021-ம் வருஷம் முழுக்க அது நம்மைத் துரத்தியது. யூட்யூபில் மட்டும் 40 கோடி தடவைக்கு மேல் பார்க்கப்பட்ட பாட்டு. அதனால் முதல் கேள்விக்கு எல்லோருக்கும் முழு மார்க்.

இரண்டாவது கேள்வி. அந்தப் பாட்டை எழுதியவர் யார்?

இங்கேதான் பாதிப் பேர் தலையைச் சொறிவீர்கள். "அந்தப் பொண்ணு பாடுச்சே..." என்று ஆரம்பிப்பீர்கள். "அது சினிமா பாட்டுதானே, எந்தப் படம்?" என்று கேட்பவர்களும் உண்டு. சினிமா இல்லை சார். தனிப்பாட்டு. 2021 மார்ச் 7-ம் தேதி வெளியானது. எழுதியவர் பெயர் அறிவு. பாடியவர்கள் தீயும் அறிவும். இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது மாஜா என்ற, அப்போது புதிதாகத் தொடங்கிய கம்பெனி. ஏ.ஆர்.ரஹ்மானின் ஆதரவோடு, தனி இசைக் கலைஞர்களைத் தூக்கிவிடப் போகிறோம் என்று அறிவித்து வந்த கம்பெனி.

பி.காம். முதல் வருஷம் சேர்ந்தவுடன் சொல்லித்தருகிற விதி ஒன்று உண்டு. டெபிட் தி ரிசீவர், கிரெடிட் தி கிவர். வாங்கியவர் கணக்கில் பற்று எழுது. கொடுத்தவர் கணக்கில் வரவு எழுது. மளிகைக் கடை அண்ணாச்சியிலிருந்து ரிசர்வ் வங்கி வரைக்கும் இதுதான் விதி. அதை மீறினால் பேரேடு டேலி ஆகாது. ஆடிட்டர் சிவப்பு மையால் சுழித்துவிடுவார்.

நம் ஊர் பாட்டு வியாபாரத்தில் மட்டும் இந்த விதி தலைகீழாக நடக்கிறது. கொடுத்தவர் கணக்கில் ஒன்றுமில்லை. வாங்கியவர்கள் எல்லோரும் வரவு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அறிவு என்கிற இளைஞரின் கதை அதற்கு நல்ல உதாரணம்.

* * *

அறிவரசு கலைநேசன் என்பது முழுப்பெயர். ஊர் அரக்கோணம். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர். பிறகு இங்கே திரும்பி வந்தபோது கையில் ஒரு காணி நிலம் கிடையாது. பாட்டி சொன்ன அந்தக் கதையிலிருந்து பிறந்ததுதான் இந்தப் பாட்டு என்று அறிவு பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வீடியோவில் அந்தப் பாட்டியும் வருகிறார். நீங்கள் ஆடுகிற அவசரத்தில் கவனித்திருக்க மாட்டீர்கள்.

அந்தக் கதை ஒரு பாட்டியின் கதை மட்டும் இல்லை. 1820-களில் இலங்கை மலைகளில் வெள்ளைக்காரர்கள் காப்பித் தோட்டம் போட்டார்கள். வேலைக்கு ஆள் வேண்டும். இங்கே பஞ்சத்திலும் பண்ணை அடிமைத்தனத்திலும் கிடந்த தமிழர்களைக் கங்காணிகள் மூலம் கூட்டிப்போனார்கள். 1860-களின் கடைசியில் காப்பிச் செடிக்கு இலைநோய் வந்தது. காப்பி போய்த் தேயிலை வந்தது. ஆட்கள் அதேதான். காடழித்து, மலையைப் பச்சையாக்கி, தலைமுறை தலைமுறையாக லயத்தில் குடியிருந்து கொழுந்து கிள்ளினார்கள்.

1948-ல் இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்தது. அதே வருஷம் வந்த குடியுரிமைச் சட்டத்தில் இவர்கள் எந்த நாட்டுக்காரர்களும் இல்லை என்று ஆனது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசுவோம் என்று பிரித்தார்கள். அந்த மிச்சத்தை 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதி, 75,000 என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். கூட்டுக் குடும்பத்தில் பாத்திரம் பண்டம் பிரிப்பார்களே, அப்படி. யாரையும் கூப்பிட்டு, உனக்கு எங்கே இருக்க விருப்பம் என்று கேட்கவில்லை.

மலையைத் தோட்டமாக்கியவர்கள் ஒரு தரப்பு. தோட்டத்துக்குச் சொந்தக்காரர்கள் இன்னொரு தரப்பு. உழைத்தவர் கணக்கில் வரவு இல்லை. அந்தப் பாட்டு இதைத்தான் பேசுகிறது. ஒப்பாரியின் சாயலையும் தாலாட்டின் சாயலையும் எடுத்து, நம்மை ஆடவைக்கிற தாளத்தில் வைத்துப் பேசுகிறது. உழைத்தவருக்கு உரிமை இல்லாமல் போன கதையைச் சொல்கிற பாட்டுக்கே அதே கதி வந்ததுதான் நான் சொல்ல வருகிற விஷயம்.

* * *

அறிவு திடீரென்று முளைத்தவர் இல்லை. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு முதல் முறையாக மேடை ஏறியது. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. அயோத்திதாசப் பண்டிதர் 19-ம் நூற்றாண்டிலேயே முன்வைத்த 'சாதியற்றவர்' என்ற அடையாளத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். கானாவும் ராப்பும் பறையும் ஒரே மேடையில். அந்த மேடையில் நின்றவர்களில் ஒருவர் அறிவு.

அடுத்த வருஷம், 2019-ல், ஓஃப்ரோ என்ற இசைக்கலைஞரோடு சேர்ந்து 'தெருக்குறள்' என்று ஓர் ஆல்பம் போட்டார். பெயரைப் பாருங்கள். திருக்குறள் தெரியும் நமக்கு. தெருவுக்கும் ஒரு குறள் இருக்கிறது என்று சொன்ன பெயர். இடஒதுக்கீடு, குடியுரிமைச் சட்டம் என்று நாம் டீக்கடையில்கூடக் குரலைத் தாழ்த்திப் பேசுகிற விஷயங்களை இவர் மைக் பிடித்துப் பாடினார். 'காலா'வில் உரிமையை மீட்கச் சொல்லும் பாட்டு அவர் எழுதியது. 'மாஸ்டர்' படத்தின் 'வாத்தி ரெய்டு' எழுதியதும் அவர்தான், அனிருத்தோடு பாடியதும் அவர்தான். ஆக, 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தபோது அவர் தெருமுனையில் வாய்ப்புக்கு நின்ற ஆள் இல்லை. தன் மொழியும் தன் ரசிகர்களும் உள்ள கலைஞராகத்தான் வந்தார்.

ஆனால் பாட்டின் தலைப்பு வரியில் எப்படிப் போட்டார்கள்? தீ, ஃபீச்சரிங் அறிவு.

இந்த 'ஃபீச்சரிங்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். சினிமா டைட்டிலில் 'கௌரவத் தோற்றம்' என்று போடுவார்களே, ஏறத்தாழ அந்த மாதிரி. பாட்டு ஒருத்தருடையது, இன்னொருத்தர் வந்து கலந்துகொண்டார் என்று அர்த்தம். இசை உலகில் இது சாதாரண வழக்கம்தான், தப்பே இல்லை என்பார்கள். சரி. ஆனால் பாட்டின் சொற்கள் அத்தனையும் எழுதி, பாதிக்குமேல் பாடி, சொந்தப் பாட்டியைக் கொண்டுவந்து உட்காரவைத்த ஆள், தன் பாட்டிலேயே விருந்தாளி ஆகிவிடுகிறார். விருந்தாளியை எந்த வீட்டிலும் பத்திரத்தில் சேர்ப்பதில்லை.

* * *

அதற்கப்புறம் நடந்ததைத் தேதிவாரியாகப் பாருங்கள்.

2021 ஆகஸ்ட். 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' பத்திரிகை அட்டைப்படம் வெளியிட்டது. 'எஞ்சாய் எஞ்சாமி'யின் வெற்றியையும், 'சார்பட்டா பரம்பரை' படத்தின் 'நீயே ஒளி' பாட்டின் வெற்றியையும் கொண்டாடும் அட்டை. அதில் இருந்தவர்கள் தீயும், கனடாவில் வாழும் தமிழ்ப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும். இரண்டு பாட்டிலும் எழுத்தில் கை இருந்த ஒரே ஆள் அறிவு. அவர் அட்டையில் இல்லை. பா.இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். கூச்சல் கிளம்பியது. பிறகு அறிவுக்கென்று தனியாக ஓர் இணைய அட்டை வெளியிட்டார்கள். சாப்பாடு முடிந்து இலை எடுத்த பிறகு ஓடிவந்து பாயசம் ஊற்றுவார்களே, அது மாதிரி.

2022 ஜூலை 28. சென்னையில் 44-வது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பிரதமர், முதல்வர் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். உலகம் முழுக்க நேரடி ஒளிபரப்பு. மேடையில் இந்தப் பாட்டு. தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு இல்லை.

சில நாளில் அறிவு வாய் திறந்தார். இந்தப் பாட்டுக்கு யாரும் எனக்கு மெட்டோ ஒரு சொல்லோ கொடுக்கவில்லை, மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு உழைத்தேன், இது என் முன்னோர்களின் வரலாறு என்ற பொருளில் எழுதினார். தீ பதில் சொன்னார். அறிவுக்குரிய பெருமையைத் தான் எப்போதும் எல்லா இடத்திலும் சொல்லியே வந்திருப்பதாகச் சொன்னார். சந்தோஷ் நாராயணனும் விளக்கம் கொடுத்தார். பாட்டை உருவாக்கியதில், மெட்டமைத்ததில் தன் பங்கு என்ன, மற்றவர்கள் பங்கு என்ன என்று விவரித்தார். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்ததால் நிகழ்ச்சிக்கு வர இயலவில்லை என்றார். இந்தப் பாட்டில் எங்களுக்குரிய வருமானமும் உரிமையும் மூன்று பேருக்கும் சமம் என்றும் சொன்னார்.

மெட்டு யாருடையது என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி இல்லை. ஸ்டூடியோவுக்குள் நான் உட்கார்ந்திருக்கவில்லை. நீங்களும் இல்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்கலாம். ஒரு பாட்டு வெளியாகி, கோடிக்கணக்கான பேர் கேட்டு, 16 மாதம் ஓடிய பிறகும் 'இது யாருடையது' என்று இன்ஸ்டாகிராமில் பஞ்சாயத்து நடக்கிறது என்றால், நாம் எந்த லட்சணத்தில் தொழில் நடத்துகிறோம்? நாலு லட்ச ரூபாய் மனைக்கு வில்லங்கச் சான்றிதழ் பார்க்கிற ஊர் இது.

இன்னும் இருக்கிறது. 2024 மார்ச். பாட்டு வந்து மூன்று வருஷம் முடிந்தது. சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோ வெளியிட்டார். இந்தப் பாட்டிலிருந்து இன்றைய தேதி வரை எங்களுக்கு ஒரு பைசாகூட வருமானம் வரவில்லை என்றார். வெளியிட்ட கம்பெனியைக் குற்றம் சாட்டினார். ரஹ்மானைக் குறை சொல்லவில்லை. அவரும் பாதிக்கப்பட்டவர் என்றார். கம்பெனி தரப்பு இந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. அந்த வழக்கை அவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும்.

நமக்கு இந்தக் கணக்கு போதும். வருமானம் மூன்று பேருக்கும் சமம். வருமானம் பூஜ்யம். பூஜ்யத்தை மூன்றால் வகுத்தால் என்ன வரும் என்று தெரிந்துகொள்ள பி.காம். படிக்க வேண்டியதில்லை.

எழுதியவர், பாடியவர், இசையமைத்தவர் என்று மூன்று பேரும் வெளியே நிற்கிறார்கள். இதில் இசையமைப்பாளர் பெரிய சினிமாக்காரர். அவரே கணக்கு கேட்டு வீடியோ போட வேண்டியிருக்கிறது என்றால், நாளைக்கு மதுரையிலோ திருப்பூரிலோ ஒரு கிடாரோடு உட்கார்ந்து பாட்டுக் கட்டப்போகிற பையன் கதி என்ன?

* * *

இந்த இடத்தில் நீங்கள் மூன்று ஆட்சேபணை சொல்வீர்கள். தெரியும்.

முதலாவது: "அந்தப் பாட்டாலதானே அவரு ஃபேமஸ் ஆனாரு? வாய்ப்பு கொடுத்தாங்கல்ல?"

இந்த 'வாய்ப்பு' என்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வீட்டுக்கு வெள்ளையடித்தவரிடம், "உங்க வேலையை ஊரே பார்க்குதுல்ல, கூலி எதுக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பிரஷ்ஷால் உங்களுக்கே அடித்துவிட்டுப் போவார். புகழைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ரேஷன் கடையில் அரிசி போட மாட்டார்கள். வாடகைக்கு வீட்டுக்காரர் ஏற்றுக்கொள்ள மாட்டார். அது மட்டுமில்லை, அறிவுக்குப் பேர் வர இவர்கள் வாய்ப்புக் கொடுத்தார்கள் என்றால், இவர்களுக்குப் பேர் வர அறிவும்தான் வாய்ப்புக் கொடுத்தார். அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

இரண்டாவது: "கலைஞன் காசு காசுன்னு அலையலாமா?"

அலையலாம். ஒளிபரப்புகிற சேனல் காசு பார்க்கிறது. விளம்பரக் கம்பெனி பார்க்கிறது. உங்களுக்கு டேட்டா விற்கிற செல்போன் கம்பெனி பார்க்கிறது. ரிசப்ஷனில் அந்தப் பாட்டைப் போட்ட சவுண்ட் சர்வீஸ்காரர்கூட அன்றைக்கு வாடகை வாங்கிவிட்டுத்தான் ஸ்பீக்கரைக் கழற்றினார். இத்தனை பேர் பசிக்கும் நியாயம் இருக்கும்போது எழுதியவன் பசிக்கு மட்டும் ஏன் தத்துவம் பேசுகிறீர்கள்?

மூன்றாவது: "எதுக்கெடுத்தாலும் சாதியை இழுக்கிறதா?"

நான் இழுக்கவில்லை. அது ஏற்கெனவே அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. அட்டைப்படத்தில் இடமில்லாமல் போனதற்கும் செஸ் மேடையில் இல்லாமல் போனதற்கும் வெவ்வேறு காரணம் சொல்கிறார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். தற்செயல் எப்போதும் ஒரே ஆள் தலையில்தான் விழும் என்றால், அதைத் தற்செயல் என்று சொல்ல நமக்கு வசதியாக இருக்கிறது என்று அர்த்தம். நடவுப் பாட்டும் ஒப்பாரியும் பாடிய எத்தனை பெண்களின் மெட்டுகள் சினிமாவுக்குப் போயின? அவர்களில் எத்தனை பேர் பெயர் உங்களுக்குத் தெரியும்? 'கிராமிய மெட்டு' என்று ஒரு சொல் போட்டால் போதும், அந்தப் பாட்டுக்கு அம்மா அப்பா இல்லை என்று ஆகிவிடும். அனாதைச் சொத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமே!

1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகி கிராமபோன் கம்பெனிக்காகப் பாடினார். பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். தட்டு அச்சாவது ஜெர்மனியில். எந்தத் தட்டு யாருடையது என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆக, 120 வருஷத்துக்கு முன்னால் பாடியவர் பெயர் தட்டிலேயே ஒலித்தது. இன்றைக்கு எல்லாம் டிஜிட்டல், பட்டனைத் தட்டினால் ஜாதகமே வரும் என்கிறோம். எழுதியவர் பெயரைக் கண்டுபிடிக்க வீடியோவுக்குக் கீழே பொடி எழுத்தில் தோண்ட வேண்டியிருக்கிறது.

* * *

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். சட்டம் அவ்வளவு மோசமில்லை. அதுதான் வேடிக்கை.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. மனையும் கட்டடமும் போல. வரியும் மெட்டும்தான் மனை. அதை ஸ்டூடியோவில் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு, மனைமேல் எழுப்பிய கட்டடம். மனை, எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் சொந்தம். கட்டடம், பணம் போட்டுப் பதிவு செய்த தயாரிப்பாளருக்குச் சொந்தம். மனையின் உரிமை ஆயுள் முழுக்க, பிறகு இன்னும் 60 வருஷம். கட்டடத்தின் உரிமை, வெளியானதிலிருந்து 60 வருஷம்.

முன்பெல்லாம் என்ன நடக்கும்? ஒரு கவர். அதில் கொஞ்சம் ரூபாய். ஒரு கையெழுத்து. மனையும் போச்சு, கட்டடமும் போச்சு. எழுதியவர் கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் கிடப்பார். அவர் பாட்டு அங்கே டி.வி.யில் ஓடிக்கொண்டிருக்கும். இதை மாற்றத்தான் 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து இதற்காக வாதாடினார். திருத்தம் என்ன சொல்கிறது? எழுதியவரும் மெட்டமைத்தவரும் உரிமையை விற்றாலும்கூட, ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் அதைக் கொடுக்கலாம். வேறு யாருக்காவது எழுதிக்கொடுத்தால் அந்த ஒப்பந்தம் செல்லாது. சினிமாப் பாட்டுக்கு மட்டுமில்லை, தனிப்பாட்டுக்கும் இது பொருந்தும். பாடுகிறவருக்கும் ராயல்டி உரிமையை அதே திருத்தம் கொடுத்தது.

அப்புறம் ஏன் பணம் வரவில்லை என்கிறார்கள்? சட்டம் உரிமையைத்தான் கொடுக்கும். கணக்கை நாம்தான் கேட்க வேண்டும். பாட்டைச் சங்கத்தில் பதிவு செய்ய வேண்டும். யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். பணம் எங்கேயோ ஒரு வெளிநாட்டுக் கணக்கில் விழுந்து, அங்கிருந்து இன்னொரு விநியோகக் கம்பெனிக்கு வந்து, அங்கிருந்து இசைக் கம்பெனிக்கு வந்து, செலவு கழித்து, முன்பணம் கழித்து, மிச்சம் இருந்தால் கலைஞனுக்கு வரும். ஒவ்வொரு கதவிலும் ஒரு வாட்ச்மேன். கலைஞன் கடைசிக் கதவுக்கு வெளியே.

'இண்டிபெண்டன்ட்' இசை என்று ஸ்டைலாகச் சொல்கிறோம். சினிமாவிடமிருந்து விடுதலை என்கிறோம். யாரிடமிருந்து யாருக்கு விடுதலை? முன்பு ஒரு தயாரிப்பாளர் முகம் தெரியும், அவர் ஆபீஸ் வாசலில் போய் நிற்கலாம். இன்றைக்கு ஒரு செயலியின் வாசலில் எங்கே போய் நிற்பது? 2024 முதல் ஸ்பாட்டிஃபை ஒரு விதி வைத்திருக்கிறது. ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஒலிக்காவிட்டால் அதன் ஒலிப்பதிவுக்கு ராயல்டி கிடையாது. சின்னத் தொகைதானே என்பார்கள். சின்னத் தொகைதான். ஆனால் புதிதாக வருகிறவனுக்கு முதலில் கிடைப்பதே சின்னத் தொகைதான்.

* * *

திட்டுவது சுலபம், வழி சொல் என்பீர்கள். சொல்கிறேன்.

பாட்டுக் கட்டுகிற தம்பி தங்கைகளே, மைக் முன்னால் நிற்பதற்கு முந்தி ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். வரி யாருடையது, மெட்டு யாருடையது, ஒலிப்பதிவில் யாருக்கு எத்தனை பங்கு, பெயர் எந்த வரிசையில் வரும். நாலே விஷயம். எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். "நமக்குள்ள என்னப்பா பேப்பரு, நாம ஒரே குடும்பம்" என்று யாராவது சொன்னால் உஷாராகிவிடுங்கள். குடும்பங்களில்தான் பாகப்பிரிவினை வழக்கு அதிகம். நட்பு கெடாமல் இருக்கத்தான் தாளே தவிர, நட்பு இல்லாததால் இல்லை.

அரசாங்கத்துக்கு ஒன்று. அரசு விழாவில் ஒரு பாட்டைப் பாடவைத்தால், அதை எழுதியவர் பெயரை மேடையில் உரக்கச் சொல்லுங்கள். திரையில் போடுங்கள். மாலை, பொன்னாடை, பட்டாசு எல்லாவற்றுக்கும் பில் வைத்துப் பணம் கொடுக்கிறீர்கள் அல்லவா? பாட்டுக்கும் கொடுங்கள்.

எங்கள் பத்திரிகைக்காரர்களுக்கும் ஒன்று. பாட்டு ஹிட் என்று எழுதும்போது நடிகர் பெயருக்கு ஒரு பத்தி, எழுதியவர் பெயருக்கு ஒரு சொல்கூட இல்லை என்ற பழக்கத்தை விடுவோம். இடமில்லை என்று சொல்ல வேண்டாம். நாயகி என்ன கலர் சேலை கட்டினார் என்று எழுத இடமிருந்ததே.

கடைசியாக உங்களுக்கு. பிடித்த பாட்டை அடுத்தவருக்கு அனுப்பும்போது எழுதியவர் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள். காசு செலவில்லை. உங்கள் ஊரில் ஒரு தனிப்பாடகர் கச்சேரி வைத்தால் ஓசி பாஸ் கேட்காமல் டிக்கெட் வாங்குங்கள். ஓட்டலில் காபிக்குக் கேள்வி கேட்காமல் கொடுக்கிறோம். பாட்டுக்கு மட்டும் பேரம் பேசுகிறோம். உங்கள் பிள்ளை ஆண்டு விழாவில் ஒரு பாட்டுக்கு ஆடினால், இது யார் எழுதியது, எதைப் பற்றியது என்று ஐந்து நிமிஷம் சொல்லிக்கொடுங்கள். தேயிலைக்கும் அந்தப் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அது கேட்கும். அதற்குப் பதில் சொல்ல நீங்களும் கொஞ்சம் படிக்க வேண்டிவரும். படியுங்கள்.

அறிவு என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? மூலையில் உட்கார்ந்து அழவில்லை. தனக்கென்று ஒரு குழு அமைத்துக்கொண்டார். தொடர்ந்து எழுதுகிறார், பாடுகிறார். 2024-ல் தன் தனி ஆல்பத்தை வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. தன் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. கதை கொடுத்த பாட்டியின் பெயர் முதலில், பேரன் என்ற உறவு அடுத்து.

கடனை யாரிடம் வாங்கினாரோ அவர் பெயரில் ஒழுங்காக வரவு வைத்துவிட்டார் மனுஷன். அவர் பேரேடு சரியாக இருக்கிறது. நம்முடையதுதான் இன்னும் டேலி ஆகவில்லை.